பொருளாதாரத்தைக் கதையாகச் சொன்ன பெண்மணி!

குட்டி நண்பர்களே, கடைக்குப் போய் வந்த அம்மா, போன மாதம் வெங்காயம் என்ன விலை, இந்த மாதம் என்ன விலை என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே வெங்காயம்தான், அதே கடைதான். பிறகு ஏன் விலை மட்டும் மாறுகிறது?

புதிதாக ஓர் இயந்திரம் வருகிறது. பத்துப் பேர் செய்த வேலையை அதை வைத்து ஒருவரே செய்துவிடுகிறார். மற்ற ஒன்பது பேர் என்ன ஆவார்கள்? ரூபாய் நோட்டு வெறும் காகிதம்தானே, அதற்கு எப்படி மதிப்பு வந்தது?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தேடும் பாடத்துக்குப் பொருளாதாரம் என்று பெயர். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பாடம் அறிஞர்கள் படிக்கும் தடித்தடிப் புத்தகங்களுக்குள் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டைத் திறந்து, நெசவாளியும் கடைக்காரரும் பள்ளிச் சிறுவர்களும் படிக்கும்படி கதை கதையாக எழுதியவர் ஒரு பெண். அவருக்குக் காது கேட்காது. கையில் பணமும் கிடையாது. அவர்தான் ஹாரியட் மார்ட்டினோ.

காது கேட்காத சிறுமி

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நார்விச் என்ற நகரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே 1802ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி பிறந்தார் ஹாரியட். அப்பா தாமஸ், பட்டு நூலும் கம்பளி நூலும் கலந்து துணி தயாரித்து விற்று வந்தார். அம்மா எலிசபெத். வீட்டில் மொத்தம் எட்டுக் குழந்தைகள். ஹாரியட் ஆறாவது குழந்தை.

சிறு வயதிலேயே ஹாரியட் அடிக்கடி நோயில் படுப்பார். எதன் வாசனையும் அவருக்குத் தெரியாது. சாப்பாட்டின் ருசியும் தெரியாது. பன்னிரண்டு வயதை ஒட்டிக் காதும் மந்தமாகத் தொடங்கியது. திரும்பத் திரும்ப என்ன, என்ன என்று கேட்டால் மற்றவர்கள் எரிச்சல் அடைவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால், யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை என்று தனக்குள் முடிவு செய்துகொண்டார். பிறர் சொல்வதைக் கேட்க முடியாத சிறுமி, புத்தகங்களோடு பேச ஆரம்பித்தார்.

இன்றுபோல் காதுக்குள் பொருத்தும் சின்னக் கருவி அப்போது கிடையாது. புனல் போன்ற ஒரு குழாய்தான் இருந்தது. அதன் சிறிய முனையைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். பேசுபவர், அகன்ற வாய்ப் பக்கம் குனிந்து பேச வேண்டும். நாலு பேர் முன்னால் அதைக் கையில் எடுக்க ஹாரியட்டுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கத்தை விட்டுவிட்டார். பிற்காலத்தில் நாட்டை ஆண்ட மந்திரிகள்கூட அந்தக் குழாய்க்குள் பேசிவிட்டுப் போனார்கள்!

ஒளிந்து எழுதிய கட்டுரை

ஹாரியட்டின் தம்பி ஜேம்ஸ் கல்லூரிக்குப் போனார். ஆனால், அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண்கள் பகலில் கூடத்தில் உட்கார்ந்து துணி தைக்க வேண்டும். பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். எனவே, ஹாரியட் அதிகாலையிலும் இரவிலும் படித்தார், எழுதினார்.

ஒரு முறை துணிந்து ஒரு மாத இதழுக்குக் கட்டுரை அனுப்பினார். பெயர் போடவில்லை. ஒரே ஓர் எழுத்தை மட்டும் கையெழுத்தாகப் போட்டிருந்தார். கட்டுரை அச்சாகிவிட்டது! அவருடைய மூத்த அண்ணன் அந்த இதழை எடுத்துச் சத்தமாகப் படித்தார். யார் இவ்வளவு நன்றாக எழுதியது என்று வியந்தார். தங்கை தலை குனிந்தபடி உண்மையைச் சொன்னார். அண்ணன் அவர் தோளில் கை வைத்து, சட்டை தைப்பதையும் காலுறை ஒட்டுப் போடுவதையும் மற்ற பெண்களுக்கு விட்டுவிடு, நீ எழுது என்று சொன்னார். அந்த வார்த்தையை ஹாரியட் கடைசிவரை மறக்கவில்லை.

ஒரே ஒரு ஷில்லிங்

ஆனால், வீட்டில் கஷ்ட காலம் வரிசையாக வந்தது. 1824இல் அந்த அண்ணன் இறந்துபோனார். 1825ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் பெரிய பண நெருக்கடி ஏற்பட்டது.

அது எப்படி வந்தது தெரியுமா? தூர தேசத்துச் சுரங்கங்களில் பணம் போட்டால் கொட்டோ கொட்டென்று லாபம் வரும் என்று பலர் நம்பினார்கள். வங்கிகளும் கடனை வாரிக் கொடுத்தன. சொன்ன லாபம் வரவில்லை. உடனே மக்கள் பயந்துபோனார்கள். போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வங்கி வாசலில் கூடினார்கள்.

எந்த வங்கியும் வாங்கிய பணம் முழுவதையும் பெட்டியிலேயே பூட்டி வைத்திருக்காது. பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் அதனால் எப்படிக் கொடுக்க முடியும்? ஒன்றன்பின் ஒன்றாகப் பல வங்கிகள் மூடப்பட்டன. வங்கி மூடியதும் அதை நம்பிய வியாபாரங்களும் ஆட்டம் கண்டன. ஹாரியட்டின் அப்பாவுடைய துணி வியாபாரமும் அவற்றில் ஒன்று. கவலையிலும் நோயிலும் நலிந்த அப்பா 1826இல் இறந்தார். ஹாரியட்டுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அந்த இளைஞரும் 1827இல் நோயால் இறந்தார். 1829இல் குடும்பத்தின் மிச்சப் பணம் இருந்த நிறுவனமும் முழுகிப்போனது. அன்று ஹாரியட்டின் பணப்பையில் இருந்தது ஒரே ஒரு ஷில்லிங்!

படித்த ஏழைப் பெண்களுக்கு அப்போது இருந்த வேலை, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதுதான். காது கேட்காதவரை யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால், பகலில் தையல் வேலை செய்து சம்பாதித்தார். இரவில் விளக்கு வைத்து எழுதினார். பிற்காலத்தில் இந்த நாட்களைப் பற்றி அவர் வருந்தவே இல்லை. பணம் போனதால்தான் சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொண்டேன் என்பதே அவர் எண்ணம்.

கிடைத்தது ஒரு புத்தகம்

அந்தக் காலத்தில் நீராவி இயந்திரங்கள் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தன. கைத்தறி நெசவாளர்கள் வேலை இழந்தார்கள். கோபத்தில் சில ஊர்களில் ஆலைகளுக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தார்கள். 1827இல் இதை வைத்து ஹாரியட் ஒரு சின்னக் கதை எழுதினார். அடுத்து வேலைநிறுத்தம் பற்றி ஒரு கதை எழுதினார்.

அதே சமயம் ஜேன் மார்செட் என்ற பெண்மணி 1816இல் எழுதிய பொருளாதாரப் புத்தகம் ஹாரியட்டின் கைக்கு வந்தது. ஆசிரியையும் மாணவியும் பேசிக்கொள்வது போல எழுதப்பட்ட புத்தகம் அது. அதைப் படித்த ஹாரியட்டுக்கு வியப்பு. தான் எழுதிய கதைகளில் இருப்பது இதே பாடம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது! பெயர் தெரியாமலேயே பொருளாதாரம் எழுதியிருக்கிறார்.

உடனே ஓர் எண்ணம் தோன்றியது. விலை, கூலி, வரி, வங்கி, இயந்திரம்... இவையெல்லாம் ஏழை எளிய மக்களின் வாழ்க்கையைப் புரட்டிப் போடுகின்றன. ஆனால், ஏன் புரட்டிப் போடுகின்றன என்று அவர்களுக்கு யாருமே சொல்வதில்லை. தன் வீடு நொடித்தபோதும் அப்படித்தானே நடந்தது? பாடத்துக்கு ஒரு கதை என்று மாதம் ஒரு சிறு நூலாக எழுதினால் என்ன?

முட்டைக்கோஸ் பாத்தி அருகே...

எழுதத் தயார். வெளியிட யார் தயார்? 1831ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனுக்குப் போய்ப் பதிப்பாளர் வீடுகளின் படிகளில் ஏறி இறங்கினார் ஹாரியட். சேறும் பனிமூட்டமுமான தெருக்கள். வண்டிக்குக் கொடுக்கக் காசு இல்லை, நடைதான். நாட்டில் காலரா பரவுகிறது, தேர்தல் சீர்திருத்தச் சண்டை வேறு நடக்கிறது, இந்த நேரத்தில் பொருளாதாரக் கதையை யார் படிப்பார்கள் என்று எல்லோரும் கைவிரித்தார்கள்.

கடைசியாக சார்லஸ் ஃபாக்ஸ் என்ற பதிப்பாளர் சம்மதித்தார். ஆனால், கடுமையான நிபந்தனைகள் போட்டார். முதலில் ஐந்நூறு பேரைச் சந்தாதாரர்களாகச் சேர்க்க வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் ஆயிரம் பிரதிகள் விற்காவிட்டால், இரண்டு நூல்களோடு நிறுத்திவிட வேண்டும்.

மனம் நொந்து திரும்பி நடந்தார் ஹாரியட். தங்கியிருந்த வீட்டுக்கு நாலரை மைல் தூரம். வழியில் தலை சுற்றியது, கால் தள்ளாடியது. ஒரு வேலியில் சாய்ந்துகொண்டார். போகிறவர்கள் பார்த்து எதுவும் நினைத்துக்கொள்ளக் கூடாதே! அதனால், வேலிக்கு அப்பால் இருந்த முட்டைக்கோஸ் பாத்தியை வேடிக்கை பார்ப்பது போல நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, என் புத்தகம் நிச்சயம் ஜெயிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீடு போய்ச் சேர்ந்த அன்றிரவே புத்தகத்துக்கு முன்னுரை எழுதி முடித்தார்!

தபால்காரர் தந்த தகவல்

1832ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதல் கதை வெளிவந்தது. ஏறக்குறைய பத்து நாட்களில் பதிப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. மேலும் இரண்டாயிரம் பிரதிகள் அச்சடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கடிதத்தின் கீழே பின்குறிப்பு, மூவாயிரம் வேண்டும் என்றது. அதற்கும் கீழே இன்னொரு பின்குறிப்பு, நாலாயிரம்! மூன்றாவது பின்குறிப்பு, ஐயாயிரம்! கடிதம் எழுதி முடிப்பதற்குள் புத்தகம் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

கொஞ்ச நாளில் நார்விச் தபால் நிலையத்திலிருந்து ஹாரியட்டுக்கு ஒரு தகவல் வந்தது. உங்களுக்கு வரும் தபாலைத் தூக்கி வர ஆளால் முடியாது, தள்ளுவண்டி வேண்டும், நீங்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றது அந்தத் தகவல்! அடுத்தடுத்து வந்த கதைகள் பத்தாயிரம் பிரதிகள் வரை விற்றன. பின்னாளில் மகாராணியான விக்டோரியா, சிறுமியாக இருந்தபோது இந்தக் கதைகளை ஆசையாகப் படித்தார். 1838இல் தம் முடிசூட்டு விழாவுக்கு ஹாரியட்டை அழைக்கவும் செய்தார்.

கதைக்குள் பாடம்

1832 முதல் 1834 வரை மொத்தம் இருபத்தைந்து நூல்கள். அவற்றில் சிலவற்றைப் பார்ப்போமா?

முதல் கதை தென்னாப்பிரிக்காவில் நடக்கிறது. அங்கே குடியேறிய சிலர், ஒரு தாக்குதலில் வீடு, கருவி, தானியம் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். கோடரி இல்லாமல் மரம் வெட்ட முடியுமா? பானை இல்லாமல் சமைக்க முடியுமா? பணம் இருந்தால்கூட அங்கே வாங்க ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வேலையைப் பிரித்துச் செய்து மெல்ல மெல்ல மீள்கிறார்கள். உண்மையான செல்வம் காசு அல்ல, மனித உழைப்பும் கருவிகளும்தான் என்பது இதில் உள்ள பாடம்.

இன்னொரு கதை, ரஷ்யப் பேரரசு சைபீரியாவுக்கு நாடு கடத்திய போலந்து நாட்டவர்களைப் பற்றியது. அவர்களிடம் நாணயம் இல்லை. விலங்குத் தோலையே பணமாக வைத்துக்கொள்கிறார்கள். பணம் என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட ஓர் அடையாளம். எல்லோரும் ஒத்துக்கொண்டால் தோலும் பணம்தான், காகிதமும் பணம்தான்! கைதிகளின் துயரத்தை இப்படி ஊரறியச் செய்ததில் ரஷ்யப் பேரரசருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் புத்தகங்களை எரிக்கச் சொன்னார். ஹாரியட் தன் நாட்டுக்குள் வரக் கூடாது என்று தடையும் போட்டார்.

மூன்றாவது கதை நமக்குப் பக்கத்தில் நடப்பது. 1833இல் வெளிவந்த அதன் களம் இலங்கை. அங்கே விளையும் பட்டையும், மன்னார்க் கடலில் குளித்து எடுக்கும் முத்தும் உலகப் புகழ் பெற்றவை. ஆனால், பட்டை வியாபாரம் முழுவதும் ஆங்கிலேய அரசின் கையில் இருந்தது. முத்துக்குளிப்பும் அரசின் பிடியில்தான் இருந்தது. சுற்றிலும் செல்வம் விளையும் மண்ணில் பிறந்தவர்கள் அதைத் தொட முடியாமல் பட்டினி கிடக்கிறார்கள். ஒரு பொருளை ஒருவரே விற்கலாம், வேறு யாரும் விற்கக் கூடாது என்ற நிலைக்கு ஏகபோகம் என்று பெயர். அது யாரை வாழவைக்கிறது, யாரைச் சாகடிக்கிறது என்று அந்தக் கதை காட்டியது. இலங்கையில் அரசின் பட்டை ஏகபோகம் அதே 1833இல் முடிவுக்கு வந்தது. ஹாரியட் ஒருபோதும் இலங்கைக்குப் போனதில்லை. புத்தகங்களையும் அறிக்கைகளையும் படித்துத்தான் இதை எழுதினார்.

மான்செஸ்டர் நகர வேலைநிறுத்தம் பற்றிய கதையும் பலரைக் கலங்க வைத்தது. அதில் வரும் ஆலன் என்ற தொழிலாளி நேர்மையானவர். போராட்டம் தோற்ற பிறகு அவரை எந்த முதலாளியும் வேலைக்குச் சேர்ப்பதில்லை. தெருவில் தண்ணீர் தெளிக்கும் வண்டி இழுத்து வயிறு வளர்க்கிறார்.

மிரட்டலுக்கு அஞ்சவில்லை

அமெரிக்காவில் அப்போது கறுப்பின மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி விற்கும் கொடுமை இருந்தது. ஹாரியட் தன் கதை ஒன்றிலேயே இதைச் சாடியிருந்தார். மனிதனைச் சொத்தாக வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை என்றார். கூலியும் இல்லாமல் நம்பிக்கையும் இல்லாமல் அடிக்குப் பயந்து செய்யும் வேலை ஒருநாளும் நல்ல வேலையாக இருக்காது என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார்.

1834இல் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார். இரண்டு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றினார். 1835இல் பாஸ்டன் நகரில் அடிமை ஒழிப்புச் சங்கப் பெண்களின் கூட்டத்துக்குப் போனார். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் ஒரு கும்பல் புகுந்து ரகளை செய்திருந்தது. பேசினால் ஆபத்து என்று தெரிந்தும், அடிமை முறை தவறு என்று எழுந்து சொன்னார். பத்திரிகைகள் அவரைத் திட்டின. கொலை மிரட்டல்கள் வந்தன. பயணப் பாதையை மாற்றிக்கொண்டார். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பட்டனுக்குள் ஒரு கதை

1839இல் கடும் நோயில் விழுந்த ஹாரியட், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அறைக்குள்ளேயே இருந்தார். அப்போது அரசு அவருக்கு உதவித்தொகை தர முன்வந்தது. அவர் வாங்க மறுத்துவிட்டார். அது மக்களின் வரிப்பணம், அதைத் தனக்குத் தரலாமா என்று அந்த மக்களை யாரும் கேட்கவில்லையே என்பது ஒரு காரணம். பணம் வாங்கினால் அரசின் தவறைத் தைரியமாக எழுத முடியாது என்பது இன்னொரு காரணம்.

நோய் குணமானதும் ஏரிகளும் மலைகளும் நிறைந்த ஆம்பிள்சைட் என்ற ஊரில், எழுதிச் சம்பாதித்த பணத்தில் வீடு கட்டிக்கொண்டார். குளிர்கால மாலைகளில் அந்த ஊர்த் தொழிலாளர்களுக்கு வரலாறும் சுகாதாரமும் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் சிறுகச் சிறுகச் சேமித்துச் சொந்த வீடு கட்ட ஒரு சங்கமும் தொடங்க உதவினார்.

பிரபல நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அப்போது ஒரு வார இதழ் நடத்தி வந்தார். அதற்காக ஹாரியட் பர்மிங்காம் பகுதித் தொழிற்சாலைகளுக்குப் போனார். காதுக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, தொழிலாளர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். சட்டையில் போடும் பட்டன் எப்படித் தயாராகிறது? அதற்கு எத்தனை பேரின் கை படுகிறது? தைக்கும் ஊசிக்கு முனை தீட்டுவது எப்படி? நாம் தினமும் தொட்டுப் பார்க்கும் பொருள்களுக்குள் இவ்வளவு பெரிய கதையா என்று வாசகர்கள் வியந்தார்கள். ஊசி முனை தீட்டுபவர்கள் தூசியைச் சுவாசித்து இளம் வயதிலேயே இறந்துபோகும் சோகத்தையும் அவர் எழுதினார்.

தவறிய ஒரு கணக்கு

ஆனால், ஹாரியட் எழுதியதெல்லாம் சரி என்று சொல்ல முடியாது, நண்பர்களே. ஆலைகளில் சுழலும் இயந்திரங்களில் சிக்கித் தொழிலாளர்கள் கை கால்களை இழந்தார்கள், உயிரையும் இழந்தார்கள். சிறுவர்களும் அவர்களில் உண்டு. இயந்திரத்தைச் சுற்றித் தடுப்பு போட வேண்டும் என்றது சட்டம். முதலாளிகள் சிலர் அதை எதிர்த்தார்கள். 1855இல் ஹாரியட், முதலாளிகள் பக்கம் நின்று எழுதினார். விபத்துகளுக்குப் பெரும்பாலும் தொழிலாளர்களின் கவனக்குறைவே காரணம், தொழிலில் அரசு தலையிடக் கூடாது என்று வாதாடினார். டிக்கன்ஸின் இதழ் தடுப்பு வேண்டும் என்று எழுதியது. இருவருக்கும் நட்பு முறிந்தது.

அரசு தலையிடாவிட்டால் எல்லாம் தானே சரியாகும் என்பது ஹாரியட் இளமையில் படித்த பாடம். இலங்கைப் பட்டை விஷயத்தில் அந்தப் பாடம் ஏழைக்கு உதவியது. ஆலை இயந்திரத்தின் முன்னால் அது ஏழையைக் கைவிட்டது. கண்ணால் பார்த்து எழுதியவரே, இங்கே புத்தகத்தில் படித்ததை அதிகம் நம்பிவிட்டார். இன்று பல நாடுகளில் ஆபத்தான இயந்திரத்துக்குத் தடுப்பு போடுவது கட்டாயம்.

தானே எழுதிய இரங்கல் செய்தி

1852 முதல் 1866 வரை லண்டனின் 'டெய்லி நியூஸ்' நாளிதழுக்கு அவர் 1,600க்கும் மேற்பட்ட தலையங்கங்கள் எழுதினார். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து பஞ்சு வருவது நின்றது. இங்கிலாந்தின் ஆலைகள் மூடின, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். பஞ்சுக்காக அடிமை முறையை ஆதரிக்கும் தென் மாநிலங்களின் பக்கம் சாயலாம் என்று பல பத்திரிகைகள் நினைத்தன. ஹாரியட் அந்த நாளிதழில் விடாமல் அடிமை முறைக்கு எதிராகவே எழுதினார்.

1855இல் ஒரு வேடிக்கை நடந்தது. இதய நோயால் சீக்கிரம் இறந்துவிடுவோம் என்று நினைத்த ஹாரியட், மூன்றே மாதங்களில் தன் சுயசரிதையை எழுதி அச்சடித்தும் வைத்துவிட்டார். தான் இறந்ததும் நாளிதழில் வர வேண்டிய இரங்கல் செய்தியையும் தானே எழுதிக் கொடுத்தார். ஆனால், அதற்குப் பிறகு இன்னும் இருபத்தொரு ஆண்டுகள் உயிரோடு இருந்தார்! 1876ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி ஆம்பிள்சைட் வீட்டில் காலமானார். அவர் எழுதி வைத்த செய்தி அப்போதுதான் வெளியானது.

தன்னைப் பற்றித் தானே எழுதினால் யாரும் கொஞ்சம் புகழ்ந்துகொள்வார்கள் அல்லவா? ஹாரியட் அப்படிச் செய்யவில்லை. தான் மேதை இல்லை என்று எழுதியிருந்தார். புதிதாக எதையும் கண்டுபிடிக்கும் திறமை தனக்கு இல்லை என்றும், பார்த்ததைத் தெளிவாகப் பார்த்து, தெளிவாக மற்றவர்களுக்குச் சொல்லும் திறமை மட்டுமே உண்டு என்றும் எழுதியிருந்தார்.

அது சின்னத் திறமையா, நண்பர்களே? வங்கி வாசலில் பணத்தை இழந்து நின்ற மக்களுக்கு ஏன் இழந்தோம் என்று தெரியவில்லை. இயந்திரத்தை உடைத்தவர்களுக்கு எதன்மேல் கோபம் என்று தெரியவில்லை. அந்த மக்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். காது கேட்காத ஹாரியட் அந்த வேலையைச் செய்தார்.

அடுத்த முறை வீட்டில் யாராவது விலை ஏறிவிட்டது என்று சொன்னால், ஏன் ஏறியது என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் பக்கத்து வீட்டு நண்பனுக்கும் புரியும்படி சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால், நமக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம்!